பிராட்லாவும் பிரமாணமும்

மேடையில் ஒருவர் பெயரைச் சொல்லிக் கைதட்டல் பெறுவது எளிது. அவர் எழுதியவற்றையும் அவரைப்பற்றி எழுதப்பட்டவற்றையும் அமர்ந்து படிப்பது அத்துணை எளிதன்று. சார்லஸ் பிராட்லா என்னும் பெயர் நம்மவர் மேடைகளில் நெடுங்காலம் அடிபட்ட பெயர். இங்கர்சால் என்று தொடங்கிய பேச்சாளர் அடுத்த மூச்சிலேயே பிராட்லா என்று முடிப்பது வழக்கமாயிருந்தது. ஆயினும் அவர் யார், பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும் ஆறாண்டுக் காலம் ஏன் வாயிலில் நின்றார், உள்ளே புகுந்தபின் ஏழைகளுக்கு என்ன செய்தார், என்ன செய்ய மறுத்தார் என்று கேட்டால், கைதட்டியவருள் எத்தனை பேர் விடை கூறுவர் என்பது ஐயமே. நாமும் ஒருகாலத்தில் அக்கூட்டத்தில் ஒருவராய் நின்று கைதட்டினோம் என்பதை மறைப்பானேன்?

பிராட்லா இறந்து மூன்றாண்டு கழித்து, 1894-ம் ஆண்டில், அவருடைய மகளார் ஹைபேஷியா பிராட்லா பானர் தந்தையின் வாழ்வையும் பணியையும் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். பார்லிமெண்டுப் போராட்டத்தையும் அரசியல் கொள்கைகளையும் பற்றிய பகுதியை ஜான் ராபர்ட்ஸன் என்னும் அறிஞர் எழுதினார். இவரும் பின்னாளில் பார்லிமெண்டு அங்கத்தினரானவர். இந்நூலை வைத்துக்கொண்டு அம்மனிதரை மதிப்பிடுவதே நம் நோக்கம்.

முதலில் நூலைப்பற்றி ஒரு வார்த்தை. இது வாழ்க்கை வரலாறு என்ற பெயர் பூண்டிருப்பினும், உண்மையில் வழக்கு மன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட ஒரு நீண்ட எதிர்வாதமே. தந்தையின்மேல் வீசப்பட்ட ஒவ்வொரு பழிக்கும் மகள் கடிதம் காட்டுகிறார், தேதி காட்டுகிறார், பத்திரிகைச் செய்தி காட்டுகிறார். கடிகாரக் கதை என்று ஒரு கதை உண்டு. பிராட்லா மேடைமீது நின்று சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து, கடவுள் இருப்பது உண்மையானால் ஐந்து நிமிஷத்துக்குள் தம்மைக் கொல்லட்டும் என்று அறைகூவினார் என்பது அது. அவர் அவ்வாறு ஒருநாளும் செய்ததில்லை. செய்ததில்லை என்று எழுதினார், பேசினார், வழக்கும் தொடுத்தார். கதை மட்டும் ஊர் ஊராய் நடந்துகொண்டேயிருந்தது. இக்கதைக்கென்றே மகளார் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். படிப்பவர்க்கு அலுப்புத் தட்டக்கூடும். ஆனால் இதே கதையை நம்மவருள் சிலர் பிராட்லாவின் வீரத்துக்குச் சான்றாக எடுத்துக் கூறக் கேட்டிருக்கிறோம். பகைவர் கட்டிய பொய்யை நண்பர் பூமாலையாகச் சூட்டும் விந்தையை என்னென்பது! அவ்வத்தியாயம் வேண்டியதே.

பிராட்லா 1833-ம் ஆண்டு செப்டம்பர் 26-ல் லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். தந்தை ஒரு வக்கீல் அலுவலகத்துக் குமாஸ்தா. தாய் மணத்துக்குமுன் செல்வர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஊழியக்காரி. பதினோராம் வயதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. ஓடியாடி ஏவல் செய்யும் பையனாகத் தந்தையின் அலுவலகத்திலும், பின்பு ஒரு நிலக்கரி வியாபாரியிடம் கணக்கு எழுதுபவராகவும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதாகோவில் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சமயபாடம் சொல்லிக்கொடுத்தார். அவ்வூர்ப் பாதிரியார் பாக்கர் என்பவர், பிஷப்பு வரும்போது நன்கு விடையிறுக்கவேண்டும் என்று இளைஞனைத் தயார்செய்யப் பணித்தார். இளைஞன் சொன்னபடியே செய்தான். ஆங்கிலத் திருச்சபையின் 39 விதிகளையும் நான்கு சுவிசேஷங்களையும் அருகருகே வைத்துப் படித்தான். இரண்டும் ஒவ்வாத இடங்களைக் குறித்துக்கொண்டு, விளக்கம் வேண்டுமென்று பணிவாகக் கடிதம் எழுதினான். அதற்கு வந்த விடை விளக்கமன்று. பையன் நாஸ்திகனாகிறான் என்று தந்தைக்குப் புகாரும், மூன்று மாதம் பள்ளியில் பாடம் சொல்லலாகாது என்ற தடையுமே. பின்னர் மூன்று நாளுக்குள் கருத்தை மாற்றிக்கொள்ளாவிடில் வேலை போகும் என்ற நிலை வந்தது. பிராட்லா மூன்றாம் நாள் வீட்டைவிட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு வயது பதினாறு.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். அவரை நாஸ்திகராக்கியது எந்த நாஸ்திக நூலுமன்று. கேட்ட கேள்விக்கு விடை கூறாமல் கேட்டவனைத் தண்டித்த செய்கையே. நம் வீடுகளிலும் இது நடவாததன்று.

வீடில்லாத பிள்ளைக்கு இடம் கொடுத்தவர் எலிஸா ஷார்ப்பிள்ஸ் என்னும் மாது. சுதந்திர எழுத்துக்காகச் சிறைபட்ட ரிச்சர்டு கார்லைலின் துணைவியார். சில்லறை வியாபாரம் கைகொடுக்கவில்லை, கடன் ஏறியது. 1850-ம் ஆண்டு இறுதியில் பட்டாளத்தில் சேர்ந்தார். குதிரைப் படையோடு அயர்லாந்தில் தங்கிய காலத்தில் குடியானவர்களை நிலத்திலிருந்தும் குடிசையிலிருந்தும் துரத்தும் காட்சியைக் கண்ணாரக் கண்டார். 1853-ல் உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பணத்தால் பட்டாளத்திலிருந்து விடுதலை பெற்று லண்டன் திரும்பி, ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவானார்.

இவ்வலுவலகமே அவருடைய சர்வகலாசாலை. பகலில் சட்ட ஏடுகள். மாலையிலும் ஞாயிறன்றும் 'ஐகனாகிளாஸ்ட்', அதாவது விக்கிரகங்களை உடைப்பவன், என்னும் புனைபெயரில் பிரசங்கம். 1860-ல் 'நேஷனல் ரிபார்மர்' பத்திரிகை. 1866-ல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கம். அவருடைய நடையை ஆராய்பவர் இந்த வக்கீல் அலுவலகத்தை மறத்தலாகாது. இங்கர்சாலின் பேச்சில் உவமையும் கண்ணீரும் சிரிப்பும் பெருகி வரும்; பிராட்லாவின் எழுத்தில் அவை அரிது. முதலில் சொல்லுக்குப் பொருள் வரையறுப்பார். பிறகு எதிரி ஒப்புக்கொண்டதை எடுத்து வைப்பார். அதிலிருந்து எதிரி ஒப்ப மறுப்பதை வருவிப்பார். நாஸ்திகத்துக்கு ஆதரவாக 1864-ல் வெளிவந்த சிறு நூலும், நம்பிக்கையின்மையால் மனித குலம் அடைந்த நன்மையைப்பற்றி 1889-ல் வெளிவந்த சிறு நூலும் இவ்வழியில் அமைந்தவையே. அழகுக்காக அவற்றைப் படிப்பவர் ஏமாறுவர். ஆனால் நேரில் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் மெய்ம்மறந்து நின்றனர் என்கிறார்கள். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் மணியொலி போன்ற குரலும் அச்சில் ஏறவில்லை. காகிதத்தில் எஞ்சியது எலும்புக்கூடு மட்டுமே என்பது நம் கருத்து.

ஒரேயொரு இடத்தில் அந்த எலும்புக்கூட்டுக்கு உயிர் வந்துவிடுகிறது. அதுவே பார்லிமெண்டின் குறுக்குக் கம்பியருகே நின்று அவர் ஆற்றிய உரைகள்.

நார்தாம்ப்டன் செருப்புத் தைக்கும் தொழிலாளர் நிறைந்த ஊர். அங்கே 1868-லும் 1874-ல் இரண்டு முறையும் தோற்று, 1880-ல் பிராட்லா வென்றார். அங்கத்தினராக வருவோர் அரசிக்கு விசுவாசமாயிருப்பதாகக் கடவுள்மேல் ஆணையிடவேண்டும். கத்தோலிக்கர், குவேக்கர், யூதர் ஆகியோர்க்கெல்லாம் ஒவ்வொரு காலத்தில் கதவு திறக்கப்பட்டிருந்தது; கடவுளே இல்லை என்பவர்க்கு மட்டும் வழியில்லை. மே 3-ந் தேதி பிராட்லா மேசையருகே வந்து, நீதிமன்றங்களில் தமக்குச் சட்டம் அனுமதிக்கும் உறுதிமொழியை இங்கும் கூற விரும்பினார். ஒரு கமிட்டி அமைந்தது. இருபுறமும் வாக்குச் சமமாகி, தலைவரின் வாக்கால் கோரிக்கை தோற்றது. சரி, ஆணையே இடுகிறேன் என்று வந்தார். அதுவும் கூடாது என்றனர். ராண்டால்ஃப் சர்ச்சில் பிரபு, அரச குடும்பத்தைக் கண்டித்துப் பிராட்லா எழுதியிருந்த சிறு புத்தகத்தைச் சபையில் படித்துக்காட்டி, தரையில் எறிந்து காலால் மிதித்தார். ஒரு நூலுக்கு இதைவிடப் பெரிய விமரிசனம் ஏது!

ஜூன் 22-ல் 275-க்கு 230 என்ற வாக்கில், அவர் ஆணையும் இடலாகாது, உறுதியும் கூறலாகாது என்று சபை தீர்மானித்தது. மறுநாள் அவர் கம்பியருகே நின்று பேசினார். சலுகை கேட்கவில்லை, தம் கொள்கையை மெச்சும்படியும் கேட்கவில்லை. என்னை ஒரு தொகுதி தேர்ந்தெடுத்தது. தகுதியின்மை என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. சட்டம் கொடுத்த இடத்தை ஒரு சபையின் பெரும்பான்மை பறிக்கலாமென்றால் நாளை எந்தத் தொகுதிக்குப் பாதுகாப்பு? இவ்வளவே வாதம். வெளியேறும்படி கட்டளை பிறந்தது, மறுத்தார், மணிக்கூண்டுக் கோபுரத்தில் அன்றிரவு காவலில் வைக்கப்பட்டார். 1880 முதல் 1883 வரை நான்கு முறை இவ்விதம் கம்பியருகே பேசினார். மேடையில் ஆயிரவரை மயக்கியவர், தம்மை வெறுத்த அறுநூற்றுவர்முன் குரலை அடக்கி நிறுத்தி வாதாடிய அவ்வுரைகளே அவருடைய சிறந்த இலக்கியம் என்று நாம் துணிந்து கூறுவோம்.

பிறகு நடந்தவை ஒரு நாடகம் போன்றவை. 1880 ஜூலையில் உறுதிகூறி உட்கார அனுமதித்தனர், அவர் அளித்த ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுன் அபராதம் கேட்டு வழக்கு வந்தது, நீதிமன்றம் அவர் உறுதிமொழி செல்லாதென்றது, இடம் போயிற்று. நார்தாம்ப்டன் 1881-ல் 132 வாக்கு மிகுதியால் மீண்டும் அனுப்பியது. அவ்வாண்டு ஆகஸ்டு 3-ல் உள்ளே நுழைய முயன்றவரைப் பணியாளரும் போலீசாரும் கூடிப் படிக்கட்டுவழியே இழுத்து முற்றத்தில் தள்ளினர், சட்டை கிழிந்தது, கைத்தசைகள் பிய்ந்து நெடுநாள் நோயுற்றார். மனுக்களோடு வந்திருந்த பெருங்கூட்டம் அருகே நின்றது. கையை உயர்த்தியிருந்தால் போதும். உயர்த்தவில்லை. 1882 பிப்ரவரியில் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துத் தமக்குத் தாமே பிரமாணம் செய்துவைத்துக்கொண்டார். சபை அவரை நீக்கியது. ஊரார் 108 வாக்கில் மீண்டும் அனுப்பினர். 1883-ல், தெய்வபக்தி மிக்க கிளாட்ஸ்டனே முன்னின்றும், உறுதிமொழி மசோதா மூன்றே வாக்கால் தோற்றது. 1884-ல் மறுபடி தேர்தல். 368 வாக்கு மிகுதி. இதற்கிடையே, அந்த அபராத வழக்குக்குப் பின்னால் நின்று பணம் கொடுத்த அங்கத்தினர்மேல், பிறர் வழக்கைப் பணம் கொடுத்து நடத்துவது குற்றம் என்னும் பழஞ்சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து வழக்காடி வென்றார். குமாஸ்தா வேலையைக் குறைவாக எண்ணுவோர் இதைக் கவனிப்பாராக.

1886 ஜனவரியில் புதிய பார்லிமெண்டு கூடியபோது சபாநாயகர் பீல், பிரமாணம் செய்யவரும் எவரையும் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். 1888-ல் பிராட்லாவே கொண்டுவந்த சட்டம், ஆணையிட விரும்பாத எவரும் உறுதிகூறலாம் என்று பொதுவழி திறந்தது.

இவ்வளவும் புகழ்ச்சி. இனி நம் குறைகூறல்.

ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு எவ்வளவு கடவுள் நம்பிக்கை இருந்தது? ஜான் மார்லிக்கு எவ்வளவு இருந்தது? இருவரும் வாய்பேசாமல் பிரமாணம் செய்து உட்கார்ந்தவர்கள். பிராட்லாவும் முதல்நாளே அவ்விதம் செய்திருந்தால் சண்டையே இல்லை. செய்யாதது அவருக்குப் பெருமை. ஆனால் உறுதிமொழி மறுக்கப்பட்டவுடன், ஆணையிடவும் தயார் என்றார். அதனோடு நில்லாமல், அவ்வாணையில் தமக்குப் பொருளற்ற சொற்கள் உண்டு, ஆயினும் அதன் கருத்து தம்மைக் கட்டுப்படுத்தும் என்று பத்திரிகைகளுக்குக் கடிதமும் எழுதினார். பகைவருக்குக் கத்தியைத் தீட்டிக் கொடுத்தது இக்கடிதமே. பொருளற்றது என்று தானே சொன்ன ஆணையை இவன் எப்படி இடலாம் என்று அவர்கள் கேட்டது அவ்வளவும் வஞ்சகக் கேள்வியன்று. ராபர்ட்ஸன் இதற்குக் கூறும் சமாதானம் திறமையானது. நமக்குத் திருப்தி தரவில்லை. கொள்கை பெரிதென்றால் ஆணையை அறவே மறுத்து வெளியே நின்றிருக்கவேண்டும். தொகுதி பெரிதென்றால் கடிதம் எழுதாதிருந்திருக்கவேண்டும். இரண்டையும் கைவிட மனமின்றி நடுவில் நின்றார். ஆனால் அக்கடிதம் பொய் சொல்லத் தெரியாதவன் எழுதியது என்பதையும் நாம் சேர்த்தே சொல்லவேண்டும்.

இதனினும் பெரிய குறை வேறொன்று. தொழிலாளர் என்ற முறையில் நம் நேயர்க்கு நெருங்கியது அதுவே.

1887-ல் பிராட்லா ஒரு சட்டம் நிறைவேற்றினார். கூலியைப் பணமாகவே கொடுக்கவேண்டும், சரக்காகக் கொடுக்கலாகாது என்று 1831-லேயே சட்டம் இருந்தது. ஆனால் அது சில தொழில்களுக்கே உரியது. முதலாளிகள் புகுந்து வெளிவரப் பல ஓட்டைகளும் உடையது. பிராட்லாவின் திருத்தம், வீட்டு ஊழியர் நீங்கலாகக் கையால் உழைப்போர் ஏறக்குறைய எல்லார்க்கும் அதை விரித்தது. கூலியை இன்ன கடையில்தான் செலவிடவேண்டும் என்று தொழிலாளியைக் கட்டாயப்படுத்துவதையும் விலக்கியது. தோட்டத்துக் கடையில் பற்று எழுதி அரிசியும் கருவாடும் வாங்கி, சம்பள நாளில் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய பாட்டன்மாரின் பேரர்களுக்கு இச்சட்டத்தின் பொருளை நாம் விளக்கவேண்டியதில்லை. மகளார் நூலிலும் பிறர் பேச்சிலும் மணிக்கூண்டுக் காவலுக்குக் கிடைத்த பக்கங்களில் பத்தில் ஒரு பங்கு இச்சட்டத்துக்குக் கிடைத்திருக்கலாகாதா என்று நாம் ஏங்குகிறோம்.

அதே மனிதர், வேலைநேரம் எட்டு மணி என்று சட்டம் செய்யவேண்டும் என்ற கிளர்ச்சியை எதிர்த்தார். 1884-ல் அபேதவாதத் தலைவர் ஹைண்ட்மனோடு மேடையில் வாதிட்டார். 1890-ல் எட்டு மணி நேரத்தைப்பற்றி அவரோடு மறுபடி வாதிட்டார். வயது வந்த தொழிலாளி தன் சங்கத்தின் வலிமையால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். அதற்குச் சட்டத்தை நாடினால் சர்க்காரின் கைப்பிள்ளையாகிவிடுவான் என்பது அவர் வாதம். கடைக்கணக்கில் தொழிலாளி தனியே முதலாளியை எதிர்க்கமுடியாதென்று சட்டம் தேடியவர், கடிகாரக் கணக்கில் மட்டும் எதிர்க்கமுடியும் என்று எப்படி நம்பினார்? சரக்குக் கூலி மோசடி, நீண்ட நேரம் ஒப்பந்தம் என்று அவர் பிரித்திருக்கக்கூடும். பசித்தவன் செய்யும் ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு? பதினாறு வயதில் தனியே வெளியேறித் தனியே வென்றவர், எல்லாரும் தம்மைப்போல் தனியே நிற்கமுடியும் என்று எண்ணிவிட்டார். அவருடைய பலமே அவருடைய கண்ணை மறைத்தது.

அன்னி பெஸண்ட் அம்மையார் இவ்விடத்தில்தான் அவரைவிட்டு விலகத் தொடங்கினார். கர்ப்பத்தடையைப்பற்றிய ஒரு வைத்தியரின் நூலை இருவரும் சேர்ந்து வெளியிட்டு, 1877-ல் ஆறுமாதச் சிறையும் 200 பவுன் அபராதமும் விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் தப்பியவர்கள்; அவ்வழக்கின் பயனாக அம்மையார் தம் பெண்குழந்தையையே இழந்தார். அத்தகைய துணைவர் பின்னர் அபேதவாதியாகி, 1889-ல் பிரம்மஞான சபையில் சேர்ந்து, அடையாற்றில் வந்து முடிந்த கதை வேறு. அது தனியே எழுதத்தக்கது.

இந்தியாவைப்பற்றிய அவர் பணியையும் சொல்லவேண்டும். நோயினின்று தேறும்பொருட்டுக் கடற்பயணம் செய்து, 1889 டிசம்பரில் பம்பாயில் வெட்டர்பர்ன் தலைமையில் கூடிய ஐந்தாவது காங்கிரசுக்கு வந்தார். பிரதிநிதிகளின் தொகையும் 1889 என்று வாய்த்தது. அவர் சுயராஜ்யம் பேசவில்லை. சட்டசபைகளில் தேர்தல் முறை வேண்டும் என்றார். மறுவருஷம் அதற்கென மசோதாவும் கொண்டுவந்தார். அவர் மறைந்தபின் 1892-ல் வந்த சட்டம் அம்மசோதா கேட்டதைவிடக் குறைவாகவே கொடுத்தது. 'இந்தியாவின் அங்கத்தினர்' என்று அவரை அழைத்தனர். லாகூரில் அவர் பெயரால் ஒரு மண்டபமும் எழுந்தது. ஆனால் காங்கிரசார் அவரை அறியும் முன்பே சென்னையில் அவரை அறிந்த தமிழர் இருந்தனர். 1880-களில் 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழையும் 'திங்கர்' என்ற ஆங்கில இதழையும் நடத்திய சென்னை இலௌகிக சங்கத்தார் பிராட்லாவின் சங்கத்தோடு தொடர்பு வைத்திருந்தனர். அவ்விதழ்கள் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்து, பேராசிரியர் வீ. அரசு அவர்களின் முயற்சியால் நம் காலத்தில் தொகுதிகளாக வெளிவந்தன. மேடையில் பிராட்லாவைக் கூவிய நம்மவர் பலர், அவரைத் தமிழில் முதலில் பேசிய தம் சொந்தப் பாட்டன்மாரை அறியாதிருந்தனர்.

1891 ஜனவரி 27-ல், பதினோராண்டுக்குமுன் அவரைத் தடுத்த தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்தே அடித்துவிடச் சபை முடிவுசெய்தது. அப்போது பிராட்லா நினைவிழந்து கிடந்தார். 30-ந் தேதி காலை உயிர் நீங்கியது. செய்தி அவர் காதில் ஏறவேயில்லை. கடனைத் தீர்ப்பதற்காக மகளார் அவருடைய நூலகத்தை விற்றார்.

புரூக்வுட் இடுகாட்டில், அவர் விருப்பப்படி, பிரார்த்தனையும் இல்லை, பிரசங்கமும் இல்லை. மௌனமாக அடக்கம் செய்தனர். லண்டனிலிருந்த இந்தியர் பலர் வந்திருந்தனர். அவர்களுள் சட்டம் படித்துக்கொண்டிருந்த இருபத்தொரு வயது இளைஞர் காந்தியும் ஒருவர். திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில் கண்டதைக் காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கூட்டத்திலிருந்த ஒரு நாஸ்திகவீரர், அஞ்சலி செலுத்த வந்திருந்த ஒரு பாதிரியாரை மடக்கி, உம்முடைய கடவுளின் அளவென்ன, இருப்பிடமென்ன என்று உரத்த குரலில் கேட்டாராம். நம் இருவர் உள்ளத்திலும் இருக்கிறார் என்று பாதிரியார் தாழ்ந்த குரலில் விடை கூறினாராம். என்னைக் குழந்தை என்று நினைத்தீரோ என்று சொல்லிவிட்டு, வென்றுவிட்டவர்போல் அவ்வீரர் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தாராம். அப்பேச்சைக் கேட்டு நாஸ்திகத்தின்மேல் தமக்கிருந்த வெறுப்பு இன்னும் மிகுந்ததென்கிறார் காந்தி. பாதிரியார் பாக்கருக்குப் பணிவாகக் கடிதம் எழுதி விளக்கம் கேட்ட சிறுவனை அடக்கம் செய்து இன்னும் ஒரு பொழுது கழியவில்லை. ரயில் வரும்வரைகூட அவ்வீரருக்குப் பொறுக்கவில்லை.